சூடறியாத கை

புத்தூரிலே புகையிலைத் தோட்டஞ் செய்யும் ஒரு கமக்காரர் இருக்கின்றார் எனக் கொள்க. வயது முப்பத்தைந்து. ஒரு நாள் மாலை தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து, திண்ணையிற் சாய்ந்து சுருட்டொன்றைப் பற்றவைக்கிறார். பேச்சுச் சுவாரசியத்திலே சுருட்டு அடிவரை எரிந்து போகிறது. இறைச்சி கருகும் மணம் வருகிறதே என்று அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்து பார்க்கிறாள். அவருடைய சுட்டுவிரலும் நடுவிரலும் கொப்புளித்துக் கிடக்கின்றன. அவரோ, "எனக்கு ஒன்றுந் தெரியவில்லையே" என்கிறார்.

அதற்கு முன்னரும் இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்ந்தமை அப்பொழுதுதான் நினைவுக்கு வருகின்றது. சென்ற மாரியிலே கொதிக்கும் கூழ்ப்பானையை வெறுங்கையால் இறக்கிவைத்தார், உள்ளங்கை வெந்தது, அவர் அதனை மறுநாட்காலையிலேதான் கண்டார். மண்வெட்டியின் பிடி நழுவுகின்றது என்று சில மாதங்களாகவே சொல்லி வருகின்றார். இருமினால் பிடரியிலே ஒரு வலி குத்திப் பாய்கின்றது. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர் எவருமிலர். ஆனால் வெந்த விரல்களை ஊரார் பார்த்துவிட்டனர். பெருவியாதி என்ற சொல் வேலிக்கு வேலி தாவுகின்றது. அவர் தேநீர் அருந்திய குவளையைக் கடையிலே தனியே வைக்கிறார்கள். பேசி முடித்திருந்த தங்கையின் கலியாணம் பின்போடப்படுகின்றது.

இந்தக் கமக்காரர் கற்பனை மனிதரே. எனினும் அவர் உடலிற் கண்ட குறிகளில் ஒன்றேனும் கற்பனையன்று. வலியும் சூடும் அறியாத கை, அதே வேளையில் பஞ்சு பட்டால் அதனை நன்றாக அறியுங் கை, மருத்துவ நூல்களிலே நூற்றைம்பது ஆண்டுகளாக விரிவாகப் பேசப்பட்டு வருவதாகும். அது தோலின் நோயுமன்று, கையின் நோயுமன்று. கழுத்தின் உள்ளே, முள்ளந்தண்டின் நடுவே, முண்ணாணிலே தோன்றும் ஓர் அரிய நோயின் அடையாளம்.

தொழுநோய் என்ற சந்தேகம் ஏன் இத்துணை அச்சத்தைத் தந்தது என்பதை இக்காலத்தார் அறிதல் கடினம். இலங்கையிலே தொழுநோயாளரைக் கட்டாயமாகத் தனிப்படுத்தி வைப்பதற்கு 1901ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றப்பட்டது. கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையிலே ஒல்லாந்தர் காலத்திலேயே நிறுவப்பட்ட வைத்தியசாலை ஒன்று இருந்தது. மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்னும் தீவிலும் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே அனுப்பப்பட்டவர்களுட் பலர் வீடு திரும்பவில்லை. பிழையான ஒரு நோய்நிர்ணயம் ஒரு மனிதனைத் தன் ஊரிலிருந்தே பிரித்துவிடக்கூடிய காலம் அது. 1980கள் தொடக்கம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையினால் தொழுநோய் முற்றாகக் குணமாக்கப்படுகின்றது. மருந்து தொடங்கியவுடனேயே அது பிறருக்குத் தொற்றும் தன்மையையும் இழந்துவிடுகின்றது. ஆயினும் இரண்டு நோய்களையும் பிரித்தறிய வேண்டிய தேவை மறைந்துவிடவில்லை. ஒன்றுக்கு மாத்திரை, மற்றதற்குச் சத்திரசிகிச்சை. மாற்றிச் செய்தால் இரண்டும் பயனற்றவை.

இந்தத் தடுமாற்றம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் வடமேற்கிலுள்ள பிறிட்டனிப் பகுதியிலே, 1883இல், மோர்வான் என்னும் நாட்டுப்புற வைத்தியர் ஒருவர் விசித்திரமான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய விரல்களிலே நகச்சுற்று வரும்; சீழ் பிடித்து எலும்பும் அழுகும்; ஆனால் வலியிராது. கத்தி வைத்துக் கீறும்போதுகூட நோயாளி முகஞ் சுளிப்பதில்லை. இச்செய்தி வெளிவந்த சில ஆண்டுகளில், கொன்ஸ்தாந்திநோப்பிளிலே தொழுநோயை நெடுங்காலம் ஆராய்ந்த சம்பாக்கோ பாஷா என்பவர், இவையெல்லாம் பழைய தொழுநோயின் எச்சங்களே என்று வாதாடினார். ஐரோப்பிய மருத்துவ உலகு சில காலம் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. இறந்தவர்களின் முண்ணாணை அறுத்துப் பார்த்தபோதுதான் வழக்குத் தீர்ந்தது. முண்ணாணின் நடுவிலே நீண்டதொரு பொள்ளல் காணப்பட்டது. அத்தகைய பொள்ளலுக்கு 1827இலேயே ஒலிவியே என்ற பிரெஞ்சு வைத்தியர் சிரிங்கோமயிலியா என்று பெயரிட்டிருந்தார். கிரேக்க மொழியிலே சிரிங்ஸ் என்பது வேய்ங்குழல். சுருக்கங் கருதி இதனை இங்கே குழல்நோய் எனலாம்.

பொள்ளல் ஒன்று நடுவிலே தோன்றுவதால் சூடு மறைவதும் தொடுகை நிலைத்திருப்பதும் எவ்வாறு? இதற்கு முண்ணாணின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

முண்ணாண் என்பது மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டின் குழாயினூடாக இறங்கும் ஒரு வடம். வளர்ந்தவரிடத்தே ஏறத்தாழ 18 அங்குல நீளமும் சிறுவிரற் பருமனும் உடையது. உடம்பின் செய்திகள் எல்லாம் இதன் வழியே மேலேறுகின்றன. மூளையின் கட்டளைகள் எல்லாம் இதன் வழியே கீழிறங்குகின்றன. ஆனால் எல்லாச் செய்திகளும் ஒரே பாதையிற் செல்வதில்லை. பஞ்சு பட்டது, கைவிரல் மடங்கியிருக்கிறது என்பன போன்ற செய்திகள் புகுந்த பக்கத்திலேயே, வடத்தின் பிற்பகுதியிலே நேராக மேலேறி, மூளையின் அடியிலேதான் மறுபக்கம் மாறுகின்றன. சூடு, குளிர், வலி என்பவற்றின் செய்திகளோ முண்ணாணிற் புகுந்த சிறிது தூரத்திலேயே, வடத்தின் நட்டநடுவைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்துப் பாதையிலே சேர்கின்றன. ஒரு வீதியிற் செல்வோர் அனைவரும் ஒரே பாலத்தைக் கடக்க வேண்டியிருப்பது போன்றது இது. நடுவிலே பொள்ளல் விழுந்தால் உடைவது அந்தப் பாலமே. பிற்பகுதிப் பாதை தப்பிவிடுகின்றது. ஆகவேதான் பஞ்சு தெரிகின்றது, நெருப்புத் தெரியவில்லை.

பொள்ளல் பெரும்பாலும் கழுத்துப் பகுதியிலே தொடங்குவதனால், உணர்ச்சி மறையும் இடமும் அதற்கேற்ப அமைகின்றது. கைகள், புயங்கள், தோள்கள், மேல் மார்பு, மேல் முதுகு. யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் கோயிலுக்குச் செல்லும்போது சால்வையைத் தோள்மேற் போர்த்தினால் எந்தப் பகுதி மறையுமோ, ஏறக்குறைய அந்தப் பகுதியே சூடறியாததாகின்றது. இடுப்பிலும் காலிலும் சூடு வழக்கம்போலத் தெரியும். இந்தச் சால்வை எல்லையைக் கண்ட வைத்தியர், நோய் தோலிலன்றி முண்ணாணில் இருக்கின்றது என்பதை, ஒரு படமும் எடுக்காமலே சொல்லிவிடலாம்.

இனி, பொள்ளல் எவ்வாறு தோன்றுகின்றது என்பது. புத்தூர் மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. அவ்வூரை அடுத்து நவக்கிரியிலே நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பது கர்ணபரம்பரை. மேலிருந்து நோக்கினால் அமைதியான ஒரு நீர்நிலை. ஆனால் ஏறத்தாழ 150 அடி ஆழம். மேல் நீர் நன்னீர், ஆழத்தில் உவர். குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. மழை நீர் அந்தக் கல்லை நூற்றாண்டு நூற்றாண்டாக அரித்துக் குகைகளையும் குழாய்களையும் உண்டாக்கியிருக்கின்றது. மேலே செம்மண்ணில் வெங்காயம் நடுபவனுக்குத் தன் காலடியிலே அத்தகைய வெளி இருப்பது தெரியாது. எங்கேனும் ஓரிடத்தில் கூரை இடிந்து கிணறாகத் திறந்தாலே தெரியும். முண்ணாணினுள் நடப்பதும் ஏறக்குறைய இத்தகையதே. அங்கே அரிப்பது மழைநீரன்று. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீர். உவமை ஓரளவுக்கே பொருந்தும்: கல்லை நீர் கரைக்கின்றது, முண்ணாணிலோ நீரின் அழுத்தம் வேலை செய்கின்றது.

வளர்ந்த ஒருவரிடத்தே இந்த நீர் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கின்றது. அதே அளவு குருதியிலே மீளச் சேர்கின்றது. இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், இருமும்போதும் தும்மும்போதும், இந்த நீர் மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துவாரத்தின் வழியாக மேலுங் கீழும் அசைகின்றது. அந்தத் துவாரம் அடைபட்டால்?

1891ஆம் ஆண்டிலே பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி என்னும் நோயியல் அறிஞர் ஒரு பிறவிக் குறைபாட்டை விவரித்தார். சிறுமூளையின் அடியிலே இருபுறமும் இரண்டு சிறு மடல்கள் உண்டு. அவை மண்டையோட்டுக்குள்ளேயே தங்கியிருத்தல் வேண்டும். சிலரிடத்தே பின்மண்டையின் குழி போதிய அளவு விரிவடையாமையால், அம்மடல்கள் பெருந்துவாரத்தின் வழியாகக் கழுத்துக்குள் இறங்கி, போத்தலின் கழுத்திலே தக்கை செருகினாற்போல நிற்கின்றன. 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் இக்காலத்து வைத்தியர் அதனைக் கணக்கிலெடுப்பர். தக்கை இறுகிய இடத்தில் நீரின் இயல்பான அசைவு தடைப்படுகின்றது. ஒவ்வோர் இருமலின்போதும் எழும் அழுத்தம் வெளியேற வழியின்றி முண்ணாணின் இழையத்துக்குள் நீரைப் புகுத்துகின்றது என்பதே இன்று பெரும்பாலார் கொள்ளும் விளக்கம். நுணுக்கங்களில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. பிடரியிலே இருமும்போது குத்தும் வலியின் காரணமும் இதுவே. எனவே கமக்காரர் சொன்ன இருமல் வலியும், சுட்ட விரலும், நழுவிய மண்வெட்டியும் ஒரே இடத்திலிருந்து வந்த மூன்று செய்திகள்.

குழல்நோய்க்கு வேறு காரணங்களும் உள. முண்ணாணிலே தோன்றும் கட்டிகள், மூளைக் காய்ச்சலின் பின் உறைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுட் சில. குடாநாட்டிலே குறிப்பாகக் கவனிக்கற்பாலது முள்ளந்தண்டின் காயம். பனையிலிருந்து விழுந்து முதுகு முறிந்த சீவற்றொழிலாளர்களை அறியாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவர்களுட் சிலருக்கு, காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பின், முறிந்த இடத்துக்கு மேலாகப் பொள்ளல் ஏறத் தொடங்கும். கால்கள் முன்னமே செயலிழந்திருந்தவருக்கு இப்போது கைகளிலும் உணர்ச்சி குறைகின்றது. பழைய காயத்தின் தொல்லைதானே என்று அதனை ஒதுக்கிவிடுதல் பெருந்தவறு.

வைத்தியர் இந்நோயை அறிவதற்குக் கையாளும் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு ஊசி, சுடுநீரும் குளிர்நீரும் கொண்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள், முழங்காலைத் தட்டும் சிறு சுத்தியல். நோயாளியைக் கண்களை மூடச் செய்து, தோலின் ஒவ்வோரிடத்திலும் இவற்றை மாறி மாறி வைத்து, "சூடா, குளிரா? கூரா, மழுங்கலா?" என்று கேட்டு, எல்லையை மையினால் உடம்பிலே வரைந்துகொள்வார். பொறுமை வேண்டிய வேலை. அவசரக்கார வைத்தியருக்கு இந்நோய் அகப்படுவதில்லை.

தொழுநோயிலே வெளிறிய தடிப்புகள் தோலிற் காணப்படும். முழங்கையின் பின்னாலோ கழுத்திலோ நரம்பு கயிறுபோலத் தடித்துக் கைக்கு அகப்படும். தொடக்கத்தில் சூட்டுணர்ச்சி முதலில் மறையினும், பின்னர் தொடுகையும் மறையும். மறையும் எல்லை அந்த நரம்பு செல்லும் வழியை ஒத்திருக்கும். குழல்நோயிலே தோல் நலமாயிருக்கும், நரம்பு தடிப்பதில்லை, எல்லை சால்வையை ஒத்திருக்கும். இன்னுமொரு வேறுபாடு: குழல்நோயிலே சுத்தியலால் கையைத் தட்டினால் துள்ளல் இராது, காலைத் தட்டினாலோ அளவுக்கு மீறித் துள்ளும். பொள்ளல் பருத்து, கீழே செல்லும் கட்டளைப் பாதைகளையும் நெருக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. பெருவிரலின் அடியிலுள்ள சதை வற்றியிருத்தல், ஒரு தோள்மூட்டு வலியின்றியே குலைந்து கிடத்தல், இளவயதில் முள்ளந்தண்டு ஒரு பக்கம் வளைதல் என்பனவும் துணைக்குறிகள். பொள்ளல் மேல்நோக்கி மூளையின் அடிவரை ஏறினால் குரல் கம்மும், விழுங்கும்போது புரையேறும். அந்நிலைக்கு விடுதல் ஆபத்து.

இவ்வாறு கையாலும் காதாலும் இடத்தை நிர்ணயித்த பின்னரே படம். ஆனால் நெடுங்காலம் அந்தப் படத்துக்கு வழியிருக்கவில்லை. 1895இல் றொன்ட்கன் கண்ட எக்ஸ்றே கதிர் எலும்பைக் காட்டியதேயன்றி முண்ணாணைக் காட்டவில்லை. 1921இலே பிரான்சில் சிக்கார் என்பவர் அயடீன் சேர்ந்த எண்ணெயை முள்ளந்தண்டுக் குழாயிலே செலுத்தி, அதன் நிழலைப் படம்பிடிக்கும் முறையைக் கண்டார். நோயாளியை மேசையிலே கட்டி, தலைகீழாகச் சாய்த்து எண்ணெயை ஓடவிடுவர். தடை எங்கே என்பது தெரியும். பொள்ளலின் உள் எவ்வாறிருக்கின்றது என்பது தெரியாது. 1971 ஒக்ரோபரிலே இலண்டனிலுள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், ஹவுன்ஸ்ஃபீல்ட் ஆக்கிய இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அடுக்கடுக்காக வெட்டினாற்போலப் படம்பிடித்தது. 1980களில் வழக்குக்கு வந்த காந்தப் படமுறை, அதாவது எம்.ஆர்.ஐ., குழல்நோயின் வரலாற்றையே மாற்றிவிட்டது எனலாம். ஊசியில்லை, எண்ணெயில்லை, முண்ணாணும் அதனுள் இருக்கும் பொள்ளலும் கழுத்திலே தொங்கும் சிறுமூளை மடலும் ஒரே படத்திலே தெளிவாகத் தெரிகின்றன.

சத்திரசிகிச்சையின் கதையும் படத்தின் கதையைப் போலவே நீண்டது. புத்தூருக்குச் சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயிலே, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867இல் அவர் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். கொழும்பிலும் சென்னையிலும் ஆங்கிலமே மருத்துவ மொழியாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மாணாக்கர் தம் தாய்மொழியிலே சத்திரசிகிச்சை கற்றனர் என்பது இன்றும் பெருமைக்குரியதே. எனினும் உயிருள்ள மனிதனின் முண்ணாணைத் திறக்கலாம் என்பதை அக்காலத்து எந்த மொழி நூலும் துணிந்து கூறவில்லை.

அதற்கு 20 ஆண்டுகள் சென்றன. 1887 யூன் மாதத்தில், இலண்டன் குவீன் ஸ்குவெயர் வைத்தியசாலையிலே, கால்கள் செயலிழந்த இராணுவக் கப்டன் ஒருவரை வில்லியம் கவர்ஸ் பரிசோதித்து, கட்டி இன்ன இடத்தில் இருக்கின்றது என்று உணர்ச்சி எல்லையைக் கொண்டே நிர்ணயித்தார். விக்ரர் ஹோர்ஸ்லி முள்ளென்பைத் திறந்தார். அங்கே ஒன்றுமில்லை. மேலும் ஒரு முள்ளென்பைத் திறந்தார். அங்கும் இல்லை. கைவிடும் நிலை. இன்னும் சற்று மேலே சென்று பார்த்தபோதுதான் வாதுமைக் கொட்டையளவான கட்டி தென்பட்டது. ஓராண்டளவில் அந்தக் கப்டன் எழுந்து நடந்து தம் அலுவல்களைக் கவனித்தார். உணர்ச்சி மறையும் எல்லைக்கு மேலேயே நோய் இருக்கும் என்ற பாடத்தை வைத்திய உலகம் அன்று கற்றுக்கொண்டது.

குழல்நோயிலே கத்தி வைத்தவர்கள் தொடக்கத்தில் பொள்ளலையே திறந்து நீரை வடித்தனர். 1892இல் நியூயோர்க்கிலும், 1920களில் எஸ்தோனியாவில் பூசெப் என்பவராலும் இது செய்யப்பட்டது. நீரை வடித்தாலும், வந்த வழி திறந்திருக்கும்வரை பொள்ளல் மீண்டும் நிரம்பிவிடக் கூடும். 1950களிலே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்ட்னர், நோயின் வேர் பொள்ளலில் இல்லை, பெருந்துவாரத்திலே இருக்கின்றது என்று வற்புறுத்தினார். அவருடைய கொள்கையின் சில பகுதிகளைப் பின்வந்தோர் திருத்தினர். ஆனால் கத்தி வைக்கும் இடம் அன்றுதொட்டு மாறிவிட்டது.

அதே காலத்திலேதான் இத்துறை தமிழர் வாழும் நிலங்களை வந்தடைந்தது. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இலே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்; இந்தியாவிலே அது முதலாவது. 1950இல் டாக்டர் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். இலங்கையிலே 1956ஆம் ஆண்டளவில் டாக்டர் ஷெல்டன் கப்றால் கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலே இதற்கு அடிகோலினார். அதற்கு முன் புத்தூர்க் கமக்காரர் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், உலகத்தின் பெரும்பகுதி மக்களைப் போலவே அவருக்கும் செய்யத்தக்கது ஒன்றுமிருக்கவில்லை.

வழி பிறந்த பின்னரும் தூரம் இருந்தது. புத்தூரிலே மெதடிஸ்த திருச்சபையின் சென். லூக்ஸ் வைத்தியசாலை அயலூர் மக்களுக்கும் நெடுங்காலம் முதற்புகலிடமாய் விளங்கிற்று; அங்கிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி; அங்கிருந்து இரவு மெயில் வண்டியிலே கொழும்பு. வசதியுள்ளோர் தலைமன்னாரிலே கப்பலேறி வேலூருக்குச் சென்றனர். அந்தக் கப்பற் போக்குவரத்து 1980களின் நடுப்பகுதியிலே நின்றது. 1990 முதல் 2002 வரை ஏ 9 வீதி மூடிக்கிடந்தது. 2006 முதல் 2009 வரை மீண்டும் மூடப்பட்டது. மெல்ல ஊரும் இத்தகைய நோய்க்கு அந்த ஆண்டுகள் எவ்வளவு கொடியவை என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. குருதி கொட்டுங் காயத்துக்கு எப்படியேனும் ஒரு வண்டி கிடைக்கும். விரலிலே சூடு தெரியவில்லை என்று சொல்பவனை எந்தச் சோதனைச் சாவடி முன்னே விடும்?

சத்திரசிகிச்சை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைக் கேட்போர் அஞ்சுதல் இயல்பு. ஆனால் முண்ணாணை இங்கே தொடுவதே பெரும்பாலும் இல்லை. நோயாளியை மயக்கத்திலாழ்த்திக் குப்புறக் கிடத்தி, தலை அசையாதபடி பொருத்துவர். பிடரியின் நடுவே கீறி, தசைகளை விலக்கி, பெருந்துவாரத்தின் பின்விளிம்பிலே எலும்பைச் சிறிது அகற்றுவர். முதல் முள்ளென்பின் பின்வளைவையும் எடுப்பர். பின்னர் மூளையைச் சூழ்ந்த தடித்த உறையைத் திறந்து, நோயாளியின் தொடையிலிருந்தோ மண்டைத் தோலின் அடியிலிருந்தோ எடுத்த மெல்லிய சவ்வைத் தைத்து அவ்வுறையை அகலமாக்குவர். இறுகிய சட்டைக்குத் துண்டு வைத்துத் தைப்பது போன்ற வேலை. உருப்பெருக்கியின் கீழே செய்யப்படுகின்றது. இடம் கிடைத்தவுடன் நீர் மீண்டும் அசைகின்றது. பொள்ளல் தானாகவே பல மாதங்களிற் சுருங்குகின்றது. தைத்த இடத்தால் நீர் கசிதல், தொற்று ஏற்படுதல் முதலிய ஆபத்துகள் உண்டு. அவற்றை மறைத்துச் சொல்லுதல் முறையன்று.

எல்லோருக்கும் இச்சிகிச்சை வேண்டியதுமில்லை. காந்தப் படம் எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில், வேறெதற்கோ எடுத்த படத்திலே மடல் இறங்கியிருப்பது தெரிந்து கலங்குவோர் பலர். குறியெதுவும் இன்றி, பொள்ளலும் இன்றி இருப்பவரைக் காலந்தோறும் பார்த்துக்கொண்டிருத்தலே போதும். படத்தில் தெரிந்ததெல்லாம் கத்திக்குரியதன்று.

அதற்கு மறுதலையாக, பிடரியை மட்டும் திறப்பது போதாத நோயாளரும் உளர். நம் தென்னாசிய நாடுகளிலே இவர்கள் குறிப்பிடத்தக்க தொகையினர். குட்டையான கழுத்து, தாழ்ந்த பிடரி மயிரெல்லை உடையோரிற் சிலருக்கு முதல் முள்ளென்பு மண்டையோட்டுடன் ஒட்டிப் பிறந்திருக்கும், அல்லது முதலிரு முள்ளென்புகளும் ஒன்றன்மேலொன்று வழுக்கும். அங்கே எலும்பைத் திருகாணியால் நிலைநிறுத்துதலே முதன்மை. மும்பை கே.ஈ.எம். வைத்தியசாலையின் டாக்டர் அத்துல் கோயல் 1994இலே வெளியிட்ட முறை உலகெங்கும் கையாளப்படுகின்றது.

குழந்தைகளிடத்தே காணப்படும் இன்னொரு கோளாறையும் இங்கே சொல்லாதிருக்கலாகாது. ஏனெனில் அதனை முதலிற் காணக்கூடியவர் வைத்தியரல்லர், குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் அல்லது பேத்தி. இடுப்பின் பின்புறம், முள்ளந்தண்டின் நடுக்கோட்டிலே, ஒரு மயிர்க்கற்றையோ கொழுப்புத் திரளையோ ஆழமான குழியோ இருத்தல் கூடும். அழகுக் குறியென்று அதனை விட்டுவிடுவர். கருவிலே முண்ணாண் முள்ளந்தண்டின் கடைசிவரை நீண்டிருக்கும். எலும்பு விரைந்து வளர்வதால், வளர்ந்தவரிடத்தே அதன் நுனி இடுப்பின் மேற்பகுதியோடு நின்றுவிடுகின்றது. சில குழந்தைகளிடம் நுனி கீழே கட்டுண்டு போகின்றது. எலும்பு வளர வளர, கட்டிய கன்று கயிற்றை இழுப்பதுபோல வடம் இழுபடுகின்றது. நன்றாக நடந்த பிள்ளை எட்டுப் பத்து வயதிலே தடுமாறும். ஒரு பாதம் மற்றதிலும் சிறிதாகும். நின்றிருந்த சிறுநீர்க் கட்டுப்பாடு மீண்டும் தவறும். பள்ளிக்கூடத்திலே அந்தப் பிள்ளை அடிவாங்குவது அதற்காகவே. கட்டை அவிழ்க்கும் சத்திரசிகிச்சை உண்டு. காலந் தாழ்த்தினால் சிறுநீர்ப்பையின் வலு மீள்வது அரிது.

புத்தூர்க் கமக்காரரிடம் மீண்டும் வருவோமாயின், அவர் விடயம் நல்லபடியாக முடிகின்றது எனக் கொள்க. சால்வை எல்லை கண்டறியப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, பிடரி திறக்கப்பட்டது. இருமல் வலி சில வாரங்களில் மறைந்தது. ஓராண்டின் பின் எடுத்த படத்திலே, விரல் பருமனாக இருந்த பொள்ளல் நூலளவாய்ச் சுருங்கியிருந்தது. கால்களின் விறைப்புத் தணிந்தது. மண்வெட்டி இனி நழுவாது என்று வைத்தியர் சொல்லவில்லை. மேலும் நழுவாது என்றே சொன்னார். வற்றிய சதை திரும்பவில்லை. விரல்களிலே சூட்டுணர்ச்சியும் திரும்பவில்லை. அறுந்த பாலத்தை இந்தச் சிகிச்சை மீளக் கட்டுவதில்லை. ஆகையால் அவர் கூழ்ப்பானையைத் துணி பிடித்தே இறக்குகிறார். குளிக்குமுன் சுடுநீரைக் காலால் தொட்டுப் பார்க்கிறார். காலுக்குச் சூடு தெரியும். சுருட்டை விட்டுவிடும்படி வைத்தியர் சொன்னதை மட்டும் அவர் முழுதாகக் கேட்கவில்லை. பாதி எரிந்ததும் மனைவி அதனை வாங்கி அணைத்துவிடுகிறாள். தங்கையின் கலியாணம் ஆவணியிலே நடந்தது.